ஒரு மெய்யான கையெழுத்து

சிறு வயதில் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் ஒரு கதை படித்திருப்பீர்கள். ஹாலந்து தேசத்துச் சிறுவன் ஒருவன் மாலை வேளையில் கடலணை ஓரமாக நடந்து வருகிறான். அணையில் ஒரு சிறு துவாரம். அதன் வழியே தண்ணீர் கசிகிறது. சிறுவன் தன் விரலை அதற்குள் நுழைத்து, இரவெல்லாம் குளிரில் விறைத்துக் கிடந்து, ஊரைக் காப்பாற்றி விடுகிறான். எங்கள் வாத்தியார் இந்தக் கதையைச் சொல்லும்போது தாமே ஒரு விரலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாங்களும் அன்று வீடு திரும்பும் வழியில் கண்மாய்க் கரையில் எங்கேயாவது துவாரம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே வந்தோம்.

சமீபத்தில் ஹாலந்துக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் தங்கை மகன் அங்கே டெல்ஃப்ட் நகரத்துத் தொழில்நுட்ப சர்வகலாசாலையில் நீரியல் படிக்கிறான். அவனோடு ஒரு மாதம் தங்கியிருந்தேன். போன மறுநாளே, "அந்தச் சிறுவனுடைய ஊர் எதுப்பா? பக்கமா?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

"மாமா, அந்தக் கதை இந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. அமெரிக்காவிலே ஒரு அம்மாள் 1865லே எழுதின புஸ்தகத்தில் வந்தது அது. அமெரிக்காவிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் இவர்களுக்கே தெரிய வந்ததாம். அது இருக்கட்டும், இங்கே அணையெல்லாம் மண். மண் அணை கசிந்தால் விரலை வைத்து அடைக்க முடியாது. உள்ளே ஊறி, நெகிழ்ந்து, ஒரு பக்கமாகச் சரியும். ஓட்டை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் காரியம் பாதி முடிந்து போயிருக்கும்."

ஐம்பது வருஷமாக மனசில் வைத்துக் காப்பாற்றிய சிறுவனை அவன் ஒரு நிமிஷத்தில் கொன்றுவிட்டான். எனக்குச் சற்று வருத்தந்தான். ஆனால் அவன் கடைசியாகச் சொன்ன வாக்கியம் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்டுரையே அதிலிருந்து பிறந்ததுதான்.

டெல்ஃப்ட் ஒரு சின்ன ஊர். வாய்க்கால்களும், வாய்க்கால் கரையில் லிண்டன் மரங்களும், நீலக் கோலம் போட்ட பீங்கான் தட்டுகள் அடுக்கிய கடைகளும். வெர்மீர் என்ற மகா சித்திரக்காரர் இங்கேயே பிறந்து, இங்கேயே வரைந்து, கடனாளியாக இங்கேயே 1675இல் செத்தார். கடைத்தெருச் சதுக்கத்தில் ஹ்யூகோ க்ரோஷியஸ் என்ற சட்ட மேதைக்குச் சிலை இருக்கிறது. அவரும் இந்த ஊர்ப் பிள்ளை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குத் தெற்கே பரந்து கிடக்கிறது சர்வகலாசாலை. 1842ஆம் ஆண்டு இரண்டாம் வில்லியம் மன்னர் ஒரு ராஜாங்கக் கலாசாலையாக இதை ஆரம்பித்தார். அணை கட்டவும் கால்வாய் வெட்டவும் பாலம் போடவும் எஞ்சினீயர்கள் வேண்டும் என்பது முதல் நோக்கம். தேசத்தின் நிலத்தில் கால் பங்குக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதென்றால் எஞ்சினீயர் இல்லாமல் என்ன செய்வது? நம் ஊரில் மழை பெய்யாவிட்டால் சாமிக்குப் பொங்கல் வைப்போம். அவர்களுக்குத் தண்ணீரே சத்துரு. அதற்குக் கணக்குத்தான் பூஜை. இங்கே படித்து 1875இல் எஞ்சினீயராக வெளிவந்த லேலி என்பவர், ஒரு கடல் வளைகுடாவையே அணை போட்டு அடைத்துவிடலாம் என்று திட்டம் தீட்டினார். பல வருஷம் யாரும் காது கொடுக்கவில்லை. 1916இல் பெரு வெள்ளம் வந்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். முப்பத்திரண்டு கிலோமீட்டர் நீள அணை 1932இல் முடிந்தது. அதைப் பார்க்க லேலி உயிரோடில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டார்.

சர்வகலாசாலையின் நடுவே ஓடும் பெரிய வீதிக்கு மேக்கல் வீதி என்று பெயர். மருமகன் தினமும் சைக்கிளில் அதன் வழியாகத்தான் போகிறான். "மேக்கல் யார்?" என்று கேட்டேன். "யாரோ புரொபசராக இருக்கும், மாமா" என்றான்.

புரொபசர்தான். மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் சொன்னவர். ஜெர்மானியர் ஹாலந்தைப் பிடித்த பிறகு ரகசியமாகச் செய்தி சேகரிக்கும் குழு ஒன்றை நடத்தினார். பிடிபட்டார். 1942 மே மாதம், ஜெர்மனியில் ஸாக்ஸன்ஹௌஸன் என்ற சிறை முகாமில், எழுபது பேருக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துச் சுட்டுக் கொன்றார்களே, அவர்களில் ஒருவர். அதே கூட்டத்தில் இன்னொரு டெல்ஃப்ட் பேராசிரியரும் இருந்தார். ஸ்கூமாக்கர் என்று பெயர். கட்டடக் கலை போதித்தவர். இளமையில் ஒலிம்பிக் பந்தயத்தில் வாள் பிடித்தவர். அவர் பெயருக்கும் ஒரு தெரு உண்டு.

இந்த இருவரையும் பற்றி நாலு பக்கம் எழுதி, கண்ணீரோடு முடித்துவிட்டால் வாசகர்களுக்கும் திருப்தி, எனக்கும் சுலபம். ஆனால் இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க என் மனம் இவர்களை விட்டுவிட்டு வேறொரு சங்கதியில் போய்ச் சிக்கிக்கொண்டது. தீரர்களைக் கண்டு வணங்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர்கள் வேறு ஜாதி. நம்மால் அப்படி ஆக முடியாது. ஆகவே நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். என்னைப் போன்ற சாமானியர்கள் வருகிற இடம் அதற்கு முந்தின அத்தியாயத்தில் இருக்கிறது.

1940 மே 10ஆம் தேதி ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. நாலைந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. டெல்ஃப்ட்டுக்கு அடுத்த ஊரான ராட்டர்டாமின் நடு நகரம் குண்டுகளால் எரிந்தது. பிறகு ஆச்சரியமான ஓர் அமைதி. ரயில்கள் ஓடின. கடைகள் திறந்தன. கலாசாலையில் பாடம் நடந்தது. வந்தவர்கள் அவ்வளவு மோசமானவர்கள் இல்லை போலிருக்கிறதே என்றுகூடச் சிலர் பேசிக்கொண்டார்கள்.

அக்டோபர் மாதம் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எல்லாருக்கும் ஒரு படிவம் வந்தது. கலாசாலைப் பேராசிரியர்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்தான், அவர்களுக்கும் வந்தது. இரண்டு விதமான தாள். தாமோ, தம் மனைவியோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ யூத சமயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றால் ஒரு தாளில் கையெழுத்து. சேர்ந்தவர்கள் இருந்தால் மற்றொரு தாள். அவ்வளவுதான். கட்சியில் சேரச் சொல்லவில்லை. ஹிட்லருக்கு ஜே போடச் சொல்லவில்லை. யாரையும் காட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை. பொய் சொல்லச் சொல்லவே இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதி, கீழே பெயரைப் போடு என்றார்கள்.

தேசம் முழுவதும் கையெழுத்துப் போட்டுவிட்டது. மறுத்தவர்கள் மிகச் சிலரே. மனசுக்குப் பிடிக்காமல் முணுமுணுத்தவர்களும் படிவத்தை நிரப்பியே அனுப்பினார்கள்.

அடுத்த மாதம், நவம்பரில், இரண்டாவது தாளில் கையெழுத்திட்டவர்களுக்கெல்லாம் வேலையிலிருந்து விலக்கும் உத்தரவு வந்தது. டெல்ஃப்ட்டில் யோஸஃபுஸ் யிட்டா என்ற பேராசிரியர் விலக்கப்பட்டார். எஞ்சினீயர்களுக்குச் சட்டம் போதித்து வந்தவர் அவர். மாணவர்களுக்கு அவரிடம் மிகுந்த மரியாதை. நவம்பர் 23ஆம் தேதி, சனிக்கிழமை, மாணவர்கள் திரண்டுவிட்டார்கள். பிரான்ஸ் வான் ஹாஸெல்ட் என்ற மாணவர் முன்னால் நின்று பேசினார். திங்கட்கிழமை வேலைநிறுத்தம். அதற்கு மறுநாள் லெய்டன் சர்வகலாசாலையில் கிளெவரிங்கா என்ற சட்டப் பேராசிரியர், விலக்கப்பட்ட தம் குருவான மெய்யர்ஸுடைய வகுப்பு நேரத்தில் மேடையேறி, குருவின் பெருமையை மட்டும் நிதானமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். எட்டு மாதம் சிறை. இரண்டு கலாசாலைகளையும் ஜெர்மானியர் இழுத்து மூடினார்கள். வான் ஹாஸெல்ட் பிற்பாடு கைதாகி, 1942இல் புகன்வால்ட் முகாமில் இறந்து போனார்.

நவம்பர் கதையைச் சர்வகலாசாலை பெருமையோடு நினைவில் வைத்திருக்கிறது. அது நியாயம். நான் கேட்பது அக்டோபரைப் பற்றி.

அன்று கையெழுத்திட்ட ஒரு பேராசிரியரை எண்ணிப் பார்க்கிறேன். பெயர் எதற்கு? நல்ல மனிதர். அணைகளின் அழுத்தத்தைக் கணக்கிடுவதில் கெட்டிக்காரர். மாணவர்களிடம் பிரியமானவர். பக்கத்து அறையில் யிட்டா இருக்கிறார். இருவரும் சேர்ந்து காபி குடிப்பார்கள். படிவம் வருகிறது. வாசிக்கிறார். நான் யூதன் இல்லை, அது மெய். மெய்யை எழுதுவதில் என்ன தவறு? பேனாவை எடுக்கிறார். மை காய்வதற்குள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அந்தத் தாளில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. ஆனால் அத்தனை மெய்களையும் ஒரு மேஜையில் அடுக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர் யார் என்று பார்த்தால் பக்கத்து அறைக்காரர் அகப்பட்டுக்கொள்கிறார். கழித்தல் கணக்கு. எஞ்சினீயர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?

ஒருவன் மெய்யை மட்டுமே சொல்லி ஒரு பாவத்தைச் செய்ய முடியுமா? இதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

மருமகனிடம் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வேறே என்ன எழுதியிருக்க வேணும் என்கிறீர்கள், மாமா? நான் யூதன் என்று பொய் எழுதுவதா? இல்லை, எழுத மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்பதா? அடுத்த மாசம் இப்படி நடக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஜெர்மனியில் 1933 முதல் நடந்ததெல்லாம் பக்கத்து வீட்டில் நடந்தது. அங்கே வேலையிழந்து வந்த யூதர்களை ஹாலந்தில் தெருவில் பார்த்திருப்பார்கள். ஒரு சர்க்கார் தன் குமாஸ்தாவின் பாட்டி எந்தச் சமயம் என்று விசாரிக்கிறதென்றால், பாட்டிக்குத் தீபாவளிப் புடவை வாங்கிக் கொடுப்பதற்காக விசாரிக்கவில்லை. ஒரு விவரத்தைக் கேட்கிறவன் எதற்காகக் கேட்கிறான் என்று பார்க்காமல், விவரம் சரியா தப்பா என்று மட்டும் பார்ப்பது படித்தவர்களுக்கே உரிய ஒரு நோய். பரீட்சை எழுதி எழுதி வந்த வழக்கம் போலும். கேள்வியைக் கண்டால் விடை எழுதத்தான் கை போகிறது. பிறருக்குத் தீங்கு செய்யாமை என்பதையே வாய்மைக்கு அளவுகோலாக வைத்தார் வள்ளுவர். பள்ளியில் படிக்கும்போது, இதென்ன, உண்மைக்கும் தீங்குக்கும் என்ன சம்பந்தம், ஐயன் கொஞ்சம் சுற்றி வளைக்கிறாரே என்று நினைத்ததுண்டு. அந்தப் படிவத்தைப் பற்றிப் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

இவ்வளவு தைரியமாக டச்சுப் பேராசிரியர்களைக் கூண்டில் ஏற்றுகிறாயே, உனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். யோக்கியதை இருக்கிறது. நானும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டவன்.

எழுத்தாளன் ஆவதற்கு முன்னால், தென் ஜில்லா ஒன்றில், ஒரு வியாபார ஸ்தாபனத்தில் ஐந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் பிரிவில் எட்டுப் பேர். மூத்தவர் ஒருவர், பேரேட்டுக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அழுத்தமான மனிதர், அதிகம் பேச மாட்டார். எனக்கு அந்தக் காலத்தில் கதைப் பைத்தியம். மாலை ஐந்தடித்தால் உட்கார முடியாது. நூல்நிலையம் மூடுவதற்குள் ஓட வேண்டும். முடியாமல் கிடக்கும் பக்கங்களை அண்ணாச்சியின் மேஜையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிவேன். "போங்க தம்பி, நான் பார்த்துக்கிடுதேன்" என்பார். வாரத்தில் மூன்று நாளாவது இது நடக்கும்.

ஒரு நாள் காலையில் பெட்டிப் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம் குறைகிறது என்று கூச்சல். அன்று அது பெரிய தொகை. போலீசுக்குப் போகவில்லை, விசாரணை என்றும் ஒன்று நடக்கவில்லை. மானேஜர் ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவரச் சொன்னார். "நேற்று மாலை ஐந்தேகால் மணிக்கு மேல் நான் அலுவலகத்தில் இல்லை" என்று ஒரே வாக்கியம். கீழே எட்டுக் கோடுகள். உள்ளவர்கள் கையெழுத்துப் போடலாம். கட்டாயம் இல்லை என்று வேறு சொன்னார். தாள் மேஜை மேஜையாக வந்தது. எனக்கு முன்பே நாலு பேர் போட்டிருந்தார்கள். வாக்கியத்தை வாசித்தேன். மெய்தானே? ஐந்து மணிக்கே நான் நூல்நிலையத்துக்குப் போய்விட்டேன். போட்டேன். அடுத்த மேஜைக்குத் தள்ளினேன்.

ஏழு கையெழுத்து ஆயிற்று. எட்டாவது கோடு காலியாக இருந்தது.

அவர் முந்தின நாள் மாலை ஏழு மணிவரை உட்கார்ந்து எழுதியது என்னுடைய பக்கங்களை. எனக்கு அது தெரியும். தாளைத் தள்ளிய அந்த நிமிஷத்தில் தெரிந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் தெரிந்தது என்றும் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் ஓர் அறை இருக்கிறது. அங்கே ஒரு விஷயம் வந்து கதவைத் தட்டும்போது, இப்போது வேலையாக இருக்கிறேன் என்று உள்ளிருந்து குரல் கொடுத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். அந்த வாரக் கடைசியில் அண்ணாச்சிக்குக் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துத் தணிக்கைக்காரர்கள் வந்தபோது அது கூட்டல் பிழை என்று தெரிந்தது. பணம் குறையவே இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டார்களா என்றால், இல்லை. கூப்பிடச் சொல்லி நாங்கள் ஏழு பேரும் ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டோமா என்றால், அதுவும் இல்லை.

டெல்ஃப்ட்டில் மேக்கல் வீதி ஓரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து மருமகனுக்கு இதைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஹாலந்துக் கதையின் இரண்டாவது தாளையும் சொல்ல வேண்டும். 1943 மார்ச்சில் மாணவர்களுக்கென்று ஒரு படிவம் வந்தது. நடப்பிலுள்ள சட்டங்களுக்குப் பணிந்து நடப்பேன், ஜெர்மன் ஆட்சிக்கும் படைக்கும் விரோதமாக எதுவும் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்திட்டால் படிக்கலாம். இல்லையென்றால் ஜெர்மனிக்குப் போய்த் தொழிற்சாலையில் உழைக்க வேண்டும். ஒளிந்துகொண்டால் பெற்றோரைப் பிடிப்போம். தேசம் முழுவதும் மாணவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் மறுத்துவிட்டார்கள். டெல்ஃப்ட்டிலும் ஒரு பகுதியினர் கையெழுத்திட, மற்றவர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களில் சில ஆயிரம் பேர் பெற்றோருக்காக ஜெர்மனிக்கு ரயிலேறினார்கள். மிச்சப் பேர் பண்ணைகளிலும் பரண்களிலும் ஒளிந்தார்கள். ஒளிந்து வாழ்வதற்கு அந்தப் பாஷையில் 'நீருக்கடியில் மூழ்குதல்' என்று சொல்கிறார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே வாழ்கிற ஜனங்களுக்கு வேறெந்த உவமை வரும்?

மூன்றே வருஷத்தில் தேசம் இப்படி மாறிவிட்டதே என்று முதலில் வியந்தேன். பிறகு வேறொன்று தோன்றிற்று. 1943இன் படிவம் அவர்களைப் பற்றியது. என் படிப்பு, என் வாக்கு, என் மானம். அது சுருக்கென்று தைத்தது. 1940இன் படிவம் பக்கத்து அறைக்காரரைப் பற்றியது, தைக்கவில்லை. இப்படிச் சொல்வது கொஞ்சம் கடுமை என்று எனக்கே தெரிகிறது. மூன்று வருஷத்துப் பசியும் பயமும் இழப்பும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் பக்கத்து அறைக்காரர்களை ரயிலேற்றியாகிவிட்டது. அங்கே வாழ்ந்த யூதர் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்களைத் தேடிப் பிடிப்பதில் ஜெர்மானியருக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. ஹாலந்தின் பதிவேடுகள் அவ்வளவு சுத்தமானவை. யார், எங்கே, எந்த வீதி, எந்த வீடு எல்லாம் அழகாக எழுதி வைத்திருந்தார்கள். எல்லாம் மெய்.

சதுக்கத்தில் சிலையாக நிற்கும் க்ரோஷியஸுக்கு வருகிறேன். இவர் பெரிய வேடிக்கை மனிதர். கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்தபோது 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பியவர். மனைவி செய்த யோசனை அது. போர்க் காலத்தில்கூட மனிதனுக்குச் சட்டம் உண்டு என்று 1625இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அதிலே, அச்சுறுத்தலின் பேரில் கொடுத்த வாக்கு வாக்காகுமா என்ற கேள்வி வருகிறது. ஆகாது என்று சொல்லிவிட்டால் சுலபம். க்ரோஷியஸ் அப்படிச் சொல்லவில்லை. பயத்தினால் சம்மதித்தாலும் சம்மதித்தது நீதான். ஆகவே அது உன்னைக் கட்டும். ஆனால் அநியாயமாகப் பயமுறுத்தி வாங்கியவன் உன்னை அதிலிருந்து விடுவிக்கக் கடமைப்பட்டவன் என்கிறார். 1943இல் கையெழுத்திட்ட மாணவர்கள் பலர், வெறும் காகிதந்தானே, மனசார எழுதவில்லையே என்று சமாதானம் சொல்லியிருப்பார்கள். இந்த ஊர்க் கிழவர் முந்நூறு வருஷத்துக்கு முன்பே அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். யுத்தம் முடிந்த பிறகு, கையெழுத்திட்டவர்களைக் கலாசாலைகள் விசாரித்துச் சில காலம் தள்ளி வைத்தன. அக்டோபர் படிவத்தில் கையெழுத்திட்டவர்களை எப்படி விசாரிப்பது? விசாரிக்கிறவரும் போட்டவராயிற்றே.

மருமகன் சும்மா விடவில்லை. அவன் கட்சியிலும் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியில்லை. மூடிய டெல்ஃப்ட்டை 1941 வசந்தத்தில் திறந்தார்கள். லெய்டன் மூடியே கிடந்தது. லெய்டனுக்குக் கீர்த்தி, டெல்ஃப்ட்டுக்குக் கொஞ்சம் சங்கடம். "ஆனால் மாமா, சட்டமும் இலக்கியமும் நாலு வருஷம் படிக்காவிட்டால் தேசம் முழுகாது. இங்கே அணைக்கு ஆள் வேண்டுமே! நாஜி ஆளுகிறான் என்று கடல் காத்திருக்குமா?" என்றான். 1945 ஏப்ரலில், தோற்றுப் போகிற நேரத்தில், ஜெர்மானியர் ஓர் அணையை வெடி வைத்து உடைத்து லேலியின் திட்டத்தில் உருவான புது நிலத்தை முழுகடித்தார்கள். 1953 பிப்ரவரி முதல் தேதி நள்ளிரவில் கடலே வந்துவிட்டது. ஆயிரத்தெண்ணூற்று முப்பத்தாறு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு தேசத்தின் தென்மேற்குக் கரைக்கு வேலி போட்டவர்கள் இந்த எஞ்சினீயர்கள்தாம். அவர்களைப் படிக்க வைத்ததே தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாடம் நடத்தியது தப்பில்லை. யிட்டாவின் நாற்காலி காலியாகக் கிடக்க நடத்தினார்களே என்றுதான் மனசு முரண்டுகிறது. இதற்கு என்னிடம் தீர்ப்பு இல்லை.

இன்னொன்றையும் அவனே எடுத்துப் போட்டான். 1842இல் கலாசாலையை ஆரம்பித்தபோது, ஜாவா முதலிய தீவுகளை ஆளப் போகும் உத்தியோகஸ்தர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதன் வேலையாக இருந்தது. யாருடைய நிலம், எவ்வளவு காபி, எவ்வளவு வரி என்று அங்கேயும் சுத்தமாகப் பதிவேடு எழுதினார்கள். 1920இல் பாண்டுங் நகரில் டெல்ஃப்ட் மாதிரியே ஓர் எஞ்சினீயரிங் கலாசாலை வைத்தார்கள். ஸாக்ஸன்ஹௌஸனில் உயிர் கொடுத்த ஸ்கூமாக்கர் முன்பு அங்கேதான் பேராசிரியராக இருந்தார். அங்கே 1926இல் பட்டம் வாங்கிய ஒரு மாணவர் பெயர் ஸுகர்ணோ. 1945இல் அவர் தம் தேசத்துக்குச் சுதந்திரம் என்று அறிவித்தபோது, ஐந்து வருஷம் அந்நியன் காலடியில் கிடந்து அப்போதுதான் எழுந்த ஹாலந்து, கப்பலில் படை அனுப்பிற்று. 1949 டிசம்பர் வரை விடவில்லை. இதைப் படித்தபோது எனக்கு டச்சுக்காரர்கள் மேல் கோபம் வரவில்லை. ஒரு நெருக்கம் உண்டாயிற்று. நம்மைப் போலவே இருக்கிறார்களே!

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மருமகன் என்னை ஓர் அணைக்கு அழைத்துப் போனான். அணை என்றால் நான் கல்லும் மதகும் எதிர்பார்த்தேன். புல் முளைத்த ஒரு நீண்ட மேடு. அதன் மேல் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆடு மிதிப்பது மண்ணுக்கு நல்லதாம், இறுகுமாம். வளை தோண்டும் எலியும் வறண்ட கோடையும்தான் கெடுதல். அணைக்கென்று குழுக்கள் இருக்கின்றன. எண்ணூறு வருஷப் பழக்கம் அது. அரசாங்கம் உண்டாவதற்கு முன்பே அணைக் குழு உண்டாகிவிட்டது. ஆட்கள் வந்து மேட்டை நடந்தே பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்கள். எங்கே ஈரம், எங்கே புல் நிறம் மாறியிருக்கிறது, எங்கே மண் கொஞ்சம் இளகியிருக்கிறது. "தண்ணீர் வருவதைப் பார்ப்பதில்லையா?" என்றேன். "தண்ணீர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பார்க்க வேண்டியது, மாமா" என்றான்.

அண்ணாச்சியை நான் அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். வேலை போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். மதுரை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. கையில் ஒரு துணிப்பை. ஏதோ ஒரு மண்டியில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார். அதற்குள் என் கதைகள் பத்திரிகையில் வர ஆரம்பித்திருந்தன, அவருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றிரண்டைப் படித்ததாகச் சொன்னார். நான் என்னென்னவோ பேசினேன். பேச வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டுத் திடீரென்று சொன்னார்:

"தம்பி, அன்னைக்கு உங்க பேரேட்டிலே கடைசி ரெண்டு பக்கம் நான் முடிக்கலே. மறுநாள் காலையிலே முடிச்சிரலாம்னு வச்சிருந்தேன். அப்புறம் முடிச்சாச்சா?"

"முடித்துவிட்டேன், அண்ணாச்சி" என்றேன்.

அது மெய்தான். அன்று பிற்பகலே முடித்துவிட்டேன்.

"நல்லது" என்றார். பஸ் வந்தது. பையை முன்னால் நீட்டிக்கொண்டு, கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டார்.